பேசின் பிரிட்ஜும் ஒருநாள் படகு யாத்திரையும்

பேசின் பிரிட்ஜைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லாத ரயில் பிரயாணி தமிழ்நாட்டில் இருப்பது அரிது. ஏனெனில் சென்ட்ரலை நோக்கி இராமுழுவதும் ஓடிவரும் வண்டி, போய்ச் சேரவேண்டிய இடம் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கையிலேயே, சிக்னல் கிடைக்காமல் அங்கே நின்றுவிடும். பெட்டி படுக்கைகளைக் கதவோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேறு வேலையின்றி வெளியே பார்க்கும் பிரயாணியின் கண்ணில் அப்போது படுவது ஒரு கரிய கால்வாய். அதில் அலை இல்லை, ஓட்டம் இல்லை, காற்றடித்தால்கூடச் சுருக்கம் விழுவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தப் பிரயாணியிடம், இந்த ஊருக்குப் பெயர் கொடுத்ததே இந்தத் தண்ணீர்தான் என்றும், இங்கே ஏறி உட்கார்ந்து எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் படகில் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர் என்றும் சொன்னால், அவர் நம்மைச் சற்று இரக்கத்தோடுதான் பார்ப்பார்.

கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஓர் உல்லாசப் பிரயாணத்தை, வடசென்னையில் குடியிருக்கும் ஒருவர் தம் வீட்டுக்கு அருகிலேயே அமைத்துக்கொள்ள முடியுமா என்பதே இந்தக் கட்டுரை எடுத்துக்கொண்ட விஷயம். இவ்வகை யாத்திரைகளைப் பற்றி எழுதும் மேல்நாட்டார், அயன மண்டலத்தை ஒட்டிய வெப்பநாடுகளின் அமைதியான ஆறுகளே இதற்கு உத்தமமானவை என்பார்கள். நாமோ 13 பாகை அட்சரேகையில், அயன மண்டலத்துக்கு உள்ளேயே இருக்கிறோம். ஆகவே வெப்பத்துக்குக் குறைவில்லை. ஆராய வேண்டியது அமைதி என்ற அந்த ஒரு சொல்லைத்தான். தண்ணீர் இளைப்பாறும்போதும் அமைதியாக இருக்கிறது. செத்துப்போன பிறகும் அமைதியாகவே இருக்கிறது. வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே நீல வர்ணம்தான்.

சரித்திரத்தைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1801-இல் பேஸில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்து வியாபாரி, சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரையில் சுமார் 11 மைல் தூரத்துக்குக் கால்வாய் வெட்ட முற்பட்டார். காக்ரேன் கால்வாய் என்றே அது நெடுநாள் வழங்கிற்று. பிற்பாடு அரசாங்கத்தார் அதை எடுத்துக்கொண்டு வடக்கே நீட்டிக்கொண்டு போனார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது, கஞ்சிக்கு வழியற்று வந்த ஜனங்களுக்கு வேலை கொடுக்கும் நிமித்தமாக, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டு வடகால்வாயும் தென்கால்வாயும் ஒன்றாயின. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் ஏற்பட்டது. மண் சுமந்தவர்களின் பெயர் எதற்கும் ஏற்படவில்லை. ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை 420 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த உப்புநீர்ப் பாதையில், படகுகள் வந்து தங்கிச் சரக்கை இறக்கித் திரும்பிக்கொள்வதற்கென்று அமைந்த குளமே 'பேசின்'. அதை ஒட்டிய பாலமே பேசின் பிரிட்ஜ்.

அங்கே இறங்கிய சரக்குகளில் முதன்மையானது உப்பு. எண்ணூர், அத்திப்பட்டு அளங்களில் விளைந்த உப்பு படகேறி வந்து, கால்வாய்க் கரையிலிருந்த கொட்டாரங்களில் குவிந்தது. கொட்டாரம் என்ற நம்முடைய சொல் ஆங்கிலக் கணக்குப் புஸ்தகங்களில் புகுந்து, 'சால்ட் கோட்டர்ஸ்' என்று உருமாறி, ரயில்வே சரக்கு நிலையத்தின் பெயராக நமக்கே திரும்பி வந்திருக்கிறது. உப்பு இலாகாச் சிப்பந்திகளின் குடியிருப்பு ஏதோ இருந்திருக்கும்போலும் என்று அதற்குப் பொருள் சொல்லுகிறவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். உப்புக்கு அடுத்தபடி சவுக்கு விறகு. அதற்கப்பால் சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், வைக்கோல், நெல், கருவாடு. பட்டணத்து அடுப்புகள் எரிந்ததிலும், சுவர்கள் வெளுத்ததிலும் இந்தக் கால்வாய்க்குப் பங்கு உண்டு.

உல்லாசமும் இதற்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டையைச் சேர்ந்த ஐரோப்பிய துரைமார்களுக்கு எண்ணூர் ஒரு சுகவாச ஸ்தலமாக இருந்தது. மீன் பிடிக்கவும் படகு விடவும் அவர்கள் அங்கே போய்த் தங்கினார்கள். நம்மவர்களின் பிரயாணங்களில் புகழ்பெற்றது தென்கால்வாயில் நிகழ்ந்தது: 1934-இல் பாரதிதாசன் நண்பர்களுடன் படகேறி மாமல்லபுரம் சென்றதும், அந்த அநுபவம் 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாக உருவானதும் இலக்கிய அன்பர்கள் அறிந்ததே. நிலவையும் கரையையும் கவனித்த கவிஞர், கரையோரமாகக் கயிற்றைத் தோளில் மாட்டிப் படகை இழுத்துச் சென்ற தொழிலாளிகளையும் கவனிக்கத் தவறவில்லை. கயாக்கில் ஏறுகிறவருக்கு அந்த மன உறுத்தல் கிடையாது. இழுப்பவரும் இருப்பவரும் ஒருவரே.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். பேசின் பிரிட்ஜிலேயே படகை இறக்கி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாகப் பழைய 11 மைலையும் துடுப்புப் போட்டே கடந்து எண்ணூரை அடைவதுதான் மனத்துக்கு முதலில் தோன்றும் திட்டம். தூரத்தை மட்டும் பார்த்தால் அது அசாத்தியமும் அன்று. சலனமில்லாத நீரில் பழக்கமுள்ள ஒருவர் மணிக்கு நாலு, ஐந்து கிலோமீட்டர் போகலாம். ஆக நாலைந்து மணி நேரத்தில் காரியம் முடிந்துவிடும். ஆயினும் இந்தத் திட்டத்தை நான் நிராகரிக்கிறேன். பக்கிங்காம் கால்வாய் மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு அன்று; தனக்கென்று சரிவு இல்லாமல், முகத்துவாரங்களின் வழியே ஏறி இறங்கும் கடல்நீரைக் கொண்டே சுவாசித்துக்கொண்டிருந்த ஒரு செயற்கை அமைப்பு. அதில் வருஷந்தோறும் தூர் வாரவேண்டும். நீர்மட்டம் மாறும் இடங்களில் லாக்குகளைத் திறந்து மூடவேண்டும். சேப்பாக்கத்துக்கு அருகே இன்றைக்கும் 'லாக் நகர்' என்று ஒரு குடியிருப்பு இருப்பது அந்தக் கதவுகளின் ஞாபகம்தான். ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொள்ள, 1960-களின் நடுவில் அடித்த புயல்கள் கரைகளைக் குலைக்க, படகுகள் குறைந்தன. படகுகள் குறைந்தபின் தூர் வாருவதற்குக் காரணம் இல்லாமல் போயிற்று. தூர் நின்றபின் கடல் உள்ளே வருவது நின்றது. கடல் நின்ற இடத்துக்கு ஓட்டேரி நாலாவும் ஊர்ச் சாக்கடைகளும் வந்தன. பேசின் பிரிட்ஜில் நாம் காணும் அமைதி இவ்வாறு படிப்படியாக ஏற்பட்ட அமைதி. அதில் துடுப்பைப் போட்டால் அடிச்சேற்றிலிருந்து வாயு குமிழியிடும். தெறிக்கும் துளி மேலே பட்டால் சொறியும், உடம்பில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலும் வரக்கூடும். கயாக்கில் உட்காருகிறவரின் இடுப்பு ஏறக்குறைய நீர்மட்டத்திலேயே இருக்கிறது என்பதையும், துடுப்பின் நுனியிலிருந்து மடியில் சொட்டாமல் ஓட்டினவர் எவரும் இல்லை என்பதையும் சேர்த்து யோசித்தால் மேலே பேச்சுக்கு இடமில்லை.

அந்தப் 11 மைலை வேறு விதமாகக் கடக்கலாம். பேசின் பிரிட்ஜிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில், காக்ரேன் வெட்டின கால்வாய் சென்ற திசையிலேயேதான் செல்லுகிறது. விடியற்காலை வண்டியில் ஏறினால், அந்நாளில் படகில் அரைநாள் பிடித்த தூரத்தை முக்கால் மணிக்கும் குறைவான அவகாசத்தில் தாண்டி எண்ணூரில் இறங்கிவிடலாம். நம் யாத்திரை உண்மையில் அங்கேதான் ஆரம்பமாகிறது.

எண்ணூர்க் கழிமுகத்தில் மூன்று நீர்கள் கூடுகின்றன: வடக்கே பழவேற்காட்டிலிருந்து வரும் கால்வாய் நீர், மேற்கே பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வரும் கொசஸ்தலையாறு, கிழக்கே முகத்துவாரத்தின் வழியே நுழையும் கடல். இங்கே தண்ணீருக்கு உயிர் இருக்கிறது; பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். 1970-இல் ஓட ஆரம்பித்து 2017-இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் ஒரு புறம். 1994 முதல் இயங்கும் வடசென்னை அனல்மின் நிலையம் மறுபுறம். 2001-இல் திறக்கப்பட்ட துறைமுகம் அதற்கப்பால். சாம்பலைக் கரைத்துக்கொண்டு செல்லும் குழாய்கள் ஆற்றைக் கடக்கின்றன. அவை கசிந்து கசிந்து ஆற்றின் அடிமணலுக்கு மேலே சாம்பல் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் மிதந்து வந்து, வலைகளையும் படகுகளையும் கண்டல் செடிகளின் வேர்களையும் பூசிவிட்டுப் போயிற்று. இவ்வளவுக்கும் பிறகு அங்கே மடவை துள்ளுகிறது, நண்டு ஊர்கிறது, கூழைக்கடா வந்து இறங்குகிறது என்பது இயற்கையின் பெருந்தன்மை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பிரயாணத் திட்டத்தின் சாரம் முழுவதும் நாழிகைக் கணக்கில் அடங்கியிருப்பதால், அதை மட்டும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அநுமதி வேண்டும். சென்னைக் கடலில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிக்கும் குறைவு. இது குஜராத்துக்கும் வங்காளத்துக்கும் வேடிக்கையாகத் தோன்றக்கூடிய அற்பத் தொகைதான். ஆனால் முழங்கால் ஆழமுள்ள கழியில் ஒரு மீட்டர் என்பது படகு மிதப்பதற்கும் சேற்றில் குந்துவதற்கும் உள்ள வித்தியாசம். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவரிடம் யோசனை கேட்டபோது, அவர் முழு சாஸ்திரத்தையும் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "தண்ணி ஏறச்சொல்ல மேல போணும் சார், எறங்கச்சொல்ல கூடவே வந்துடணும். நடுவுல மெத்தனமா நின்னீங்கன்னா அப்புறம் படவ நீங்கதான் தூக்கினு வரணும்."

தண்ணீர்க் கணக்கு இப்படியிருக்க, காற்று வேறொரு கணக்கு வைத்திருக்கிறது. வெயில் ஏறித் தரை சூடானபின் கடற்காற்று எழுந்து கிழக்கிலிருந்து வீசும்; கொசஸ்தலையாற்றில் மேற்கே போனவர் திரும்பி வருவதோ கிழக்கு நோக்கி. ஆகையால் காலையில் வற்றமும் நடுப்பகலில் ஏற்றமும் உள்ள நாளைத் தேர்ந்தெடுத்தால், பிற்பகலில் இறங்கும் நீர் நம்மை முன்னே தள்ளும்; காற்று பின்னே தள்ளும்; எதிரெதிராகப் போகும் இரண்டும் சேர்ந்து சிற்றலைகளைக் கிளப்பும். கயாக் போன்ற இலேசான படகுக்கு நீரைவிடக் காற்றே பெரிய எஜமானன். எனவே, காலை எட்டு, ஒன்பது மணிக்கு ஏற்றம் நிறைகிற நாளே உசிதமானது: ஆறு மணிக்குள் இறங்கி, ஏறும் நீரின் கடைசிப் பகுதியோடு ரயில் பாலத்தின் அடியாக மேற்கே சென்று, நாலைந்து கிலோமீட்டரில் நிதானமாகத் திரும்பி, இறங்கும் நீரோடு பதினோரு மணிக்கு முன் கரையேறிவிடலாம். ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிஷம் பிந்திக்கொண்டே போவதால், பதினைந்து நாளில் மூன்று, நாலு நாள்தான் இப்படி அமையும். இந்திய நில அளவைத் துறையார் வெளியிடும் ஓத அட்டவணையில் சென்னைத் துறைமுகத்துக்கு உரிய பக்கத்தைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளலாம். கழிக்குள்ளே ஏற்றம் சற்றுப் பிந்தியே நிறையும் என்பதை மறக்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பதற்காக ஞாயிற்றுக்கிழமையே போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவது நலம்.

பருவத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பூண்டியில் உபரி நீர் திறந்துவிட்டால் அமைதியான ஆறு என்ற பேச்சே எடுக்கக்கூடாது. ஏப்ரலுக்குப் பின் வெயில். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடிய உள்ள மூன்று மாதமே ஏற்ற காலம். வலசை வரும் பறவைகளும் அப்போதுதான் இருக்கும்.

படகைப் பற்றி ஒரு வார்த்தை. கயாக் என்பது வடதுருவத்தை அடுத்த பனிப்பிரதேச மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகின் பெயர். 1865-இல் ஜான் மெக்ரெகர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அதன் சாயலில் ஒரு சிறு படகு கட்டி, ஐரோப்பிய ஆறுகளில் தனியே சுற்றிவந்து, மறுவருஷம் அதைப் புஸ்தகமாக எழுதியபின்தான் வேட்டைக் கருவி உல்லாசக் கருவியாயிற்று. மெக்ரெகருக்கு இராத்தோறும் விடுதியும் வெந்நீரும் கிடைத்தன. நமக்கு எண்ணூரில் ஒரு தேநீர்க்கடை கிடைக்கும். கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த கரையில் நின்றுகொண்டு பிளாஸ்டிக் கயாக்கை வாடகைக்குத் தேடுவது விநோதம்தான். ஆனால் கட்டுமரத்தில் நிலைகொள்ள ஒரு பால்யம் முழுவதும் வேண்டும், கயாக்கில் உட்கார ஒரு காலைப்பொழுது போதும். மூடின உள்ளறை இல்லாத, மேலே அமரும் வகையே இங்கே தகுந்தது. கவிழ்ந்தால் எளிதில் மீண்டும் ஏறலாம்.

கவிழ்வது என்று சொன்னவுடன் பழவேற்காட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1613-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர், சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி, பூநாரைகளின் விருந்தகம் என்றெல்லாம் கேள்விப்பட்டு, எண்ணூரைவிட அதுவே மேல் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அழகில் மேல்தான், ஆனால் அது ஆறு அன்று, வெட்டவெளி. 2011 டிசம்பர் 25-ஆம் தேதி அங்கே உல்லாசமாகச் சென்ற ஒரு படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அளவுக்கு மீறி ஏறியிருந்தார்கள், மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. முழங்கால் ஆழம்தானே என்ற நினைப்புக்குப் பலியானவர்கள் நம் நாட்டில் ஏராளம். மிதவைச் சட்டையைப் படகில் வைத்துக்கொள்வது போதாது. உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். தைரியம் போதாதவர்களுக்கு முட்டுக்காட்டுப் படகுக் குழாமும், பிச்சாவரத்துக் கண்டல் காடும் இருக்கவே இருக்கின்றன. அங்கே டிக்கெட்டு வாங்கினால் ஆயிற்று, திட்டம் போடவேண்டிய சிரமம் இல்லை. 1867-இல் தோன்றிய சென்னைப் படகுச் சங்கத்தார் அடையாற்றில் துடுப்புப் போடுகிறார்கள். அங்கே அங்கத்தினராவது ஆற்றைக் கடப்பதைக் காட்டிலும் கடினமானது என்று கேள்வி.

எண்ணூரில் முகத்துவாரத்தின் பக்கமும், துறைமுக எல்லையின் பக்கமும் போகாதிருப்பது விவேகம். முன்னதில் நீரின் வேகமும் பின்னதில் காவலர்களின் கேள்விகளும் சமாளிக்க முடியாதவை. புறப்படும் முன் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், தலைக்குத் துணித்தொப்பி, காலுக்குப் பழைய செருப்பல்ல, கட்டிக்கொள்ளும் ரப்பர் சோடு. ஆளிச்சிப்பிகள் கத்தியைப்போல் பாதத்தைக் கிழிக்கும். கட்டுச்சோறு விஷயத்தில் என் கட்சி புளியோதரை. தயிர்ச்சோறு பத்து மணி வெயிலுக்குப் பொறுக்காது. சாப்பிடும் முன் கையைக் கொண்டுவந்த நீரில் கழுவ வேண்டும், ஆற்று நீரில் அல்ல.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, அந்தத் தண்ணீர் காலி மைதானம் அன்று என்னும் ஞானம். ஆறு மணிக்கு நாம் உல்லாசமாக இறங்கும் கழியில், வேறு சிலர் நாலு மணியிலிருந்து வேலையில் இருக்கிறார்கள். நீருக்குள் மார்பளவு மூழ்கி, பறி என்னும் ஓலைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் அங்கே உண்டு. தலை மட்டும் வெளியே தெரியும் அவர்களைத் தூரத்திலிருந்து மிதக்கும் தேங்காய் என்று நான் ஒருமுறை நினைத்துவிட்டேன். கழிகளை நட்டுக் கட்டிய வலைகள் நீருக்கடியில் இருக்கும். துடுப்பு சிக்கினால் கிழிவது ஒரு குடும்பத்தின் வாரச் சம்பாத்தியம். எந்த வலை எங்கே இருக்கிறது, மணல்திட்டு போன மழையில் எங்கே நகர்ந்தது, சாம்பல் சேறு எவ்விடத்தில் ஆளை இழுக்கும் என்ற விவரங்கள் எந்த வரைபடத்திலும் இல்லை. கரையில் உள்ள மீனவர் ஒருவரை நாள்கூலி பேசித் தம் படகில் நமக்கு முன்னால் போகச் சொல்வதே இந்தத் திட்டத்தில் நாம் செய்யும் புத்திசாலித்தனமான செலவு.

சென்ற மாசியில் நானும் ஒரு நண்பரும் போவதென்று தீர்மானித்து, முதல்நாள் சாயங்காலம் அந்தக் காட்டுக்குப்பத்து மனிதரைத் தொலைபேசியில் அழைத்து, முகத்துவாரம் திறந்திருக்கிறதா, ஏற்றம் எத்தனை மணிக்கு நிறையும், காற்று எப்படி என்று நான் குறித்துவைத்திருந்த கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அட்டவணை எட்டேகால் என்றது; அவர் ஒன்பது என்றார். பிறகு அவர் என்னைக் கேட்டார்: "நீச்சல் தெரியுமா சார்?" தெரியும் என்றேன். "கூட வர்றவருக்கு?" கொஞ்சம் தெரியும் என்றேன். சிறிது மௌனமாக இருந்துவிட்டு, "அவரு என் படவுல வரட்டும். அஞ்சரைக்கு வந்துடுங்க, ஆறரைக்கு மேல நான் வல எடுக்கப் பூடுவேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.